கை நீட்டும் பிஷப்

‘டொம்’ என்று ஒரு சத்தம். படகின் மூக்கு மேலே எழும்பி, அப்படியே தண்ணீரில் அறைந்தது. என் மடியிலிருந்த அலுமினிய பேசின் பறந்து போய்க் கவிழ, அவித்த மரவள்ளிக்கிழங்கு மொத்தமும் ஆற்றில் விழுந்தது. பப்பாளித் துண்டுகள் மட்டும் மிதந்தன.

“பிடிச்சிட்டான்” என்றார் ஸியோகர், மோட்டாரை அணைத்துக்கொண்டே. பஸ் வந்துவிட்டது என்று சொல்வதுபோல் அவ்வளவு சாதாரணமாக.

பிஷப் இடுப்பளவு தண்ணீரில் நின்றுகொண்டிருந்தான். ஒரு கையால் படகின் விளிம்பைப் பிடித்திருந்தான். இன்னொரு கையை, உள்ளங்கை மேலே தெரிய, முழங்கை மடங்காமல், எங்களை நோக்கி நீட்டியிருந்தான். நரைத்த தாடி. வழுக்கை நெற்றி. கண்களில் கெஞ்சலும் இல்லை, கோபமும் இல்லை. நம் ஊர்ச் சுங்கச்சாவடியில் நிற்கும் போலீஸ்காரர் மாதிரி ஒரு பார்வை.

“விடுடா பிஷப், விடு. காலையிலேயே ஆரம்பிக்காதே” என்றேன்.

“அவன்கிட்ட தமாஷா பேசினா விட்டுடுவானா? தள்ளு நீ.”

ஸியோகர் சட்டைப் பையிலிருந்து தீக்குச்சி ஒன்றை எடுத்தார். மருந்து இல்லாத முனையைப் பிஷப்பின் முழங்கை மடிப்பில் வைத்து லேசாக ஒரு குத்து குத்தினார். பிஷப் கண்ணை மூடிக்கொண்டான். பிறகு குத்திய இடத்தை ஒரு முறை பார்த்தான். படகை விட்டான். நான் நீட்டிய வாழைப்பழத்தை வாங்கிக்கொண்டு, தண்ணீரைக் கலக்கிக்கொண்டு கரையேறிப் போய்விட்டான்.

“முடிஞ்சுது. இதுக்குப் போய் நீ குதிக்கிற” என்றார் ஸியோகர்.

“கிழங்கு மொத்தமும் ஆத்துல போச்சு பெரியவரே. மிச்சம் பன்னெண்டு பேருக்கு நான் என்ன குடுக்கறது, உங்க தீக்குச்சியையா?”

“பப்பாளி மிதக்குது பாரு. பொறுக்கு.”

பொறுக்கினேன். வேறு என்ன செய்வது? கரையில் மற்ற சிம்பன்சிகள் குதித்துக் குதித்துக் கத்திக்கொண்டிருந்தன. அவர்களுக்குப் பசி. எனக்கு ஆத்திரம்.

என் பெயர் யாஸா. மூன்றாம் தீவுக்கு உணவு கொண்டு போகும் படகின் பொறுப்பு என்னுடையது. ஆறு கடலில் சேருமிடத்தில் இருக்கிற தீவுகளில் அது கடைசி. முன்பு கரையில் ஒரு மருந்து ஆராய்ச்சிக்கூடம் இருந்தது. அது மூடப்பட்டபோது அங்கிருந்த சிம்பன்சிகளைக் கொண்டுவந்து இந்தத் தீவுகளில் விட்டார்கள். உடம்பில் நோய்க்கிருமி ஏற்றப்பட்ட பிராணிகள். காட்டில் அவிழ்த்துவிட முடியாது. சிம்பன்சிக்கு நீச்சல் தெரியாது என்பதால் தீவுக்கு வேலி தேவையில்லை. தீவில் தின்பதற்கும் ஒன்றும் பெரிதாக விளையாது. ஆகவே படகு போக வேண்டும். மழையோ, வெயிலோ, தேர்தலோ, படகு போயே ஆக வேண்டும்.

ஸியோகர் அந்த ஆராய்ச்சிக்கூடத்தில் வேலை பார்த்தவர். ரத்தம் எடுப்பதுதான் அவர் வேலை. இப்போது மோட்டார் ஓட்டுகிறார். “இந்தப் பயலுகளை உனக்கு நேத்துதான் தெரியும், எனக்கு அவனுங்க பல் முளைச்சதுலேருந்து தெரியும்” என்பதை வாரத்துக்கு நாலு முறையாவது என்னிடம் சொல்லாவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது.

பிஷப் முன்பெல்லாம் இப்படி இல்லை. அதுதான் என் வயிற்றெரிச்சல். எத்தனையோ வருடங்களாகப் படகு வந்தால் மற்றவர்கள் கரைக்கு ஓடி வருவார்கள். பிஷப் மட்டும் தீவின் நடுவே சாய்ந்து கிடக்கும் இலவ மரத்தில் எங்களுக்கு முதுகைக் காட்டியபடி உட்கார்ந்திருப்பான். கூட்டம் தின்று முடித்த பிறகு, அவனுக்கென்று தனியாக எறிந்ததை மெதுவாக வந்து எடுத்துக்கொள்வான். இந்தப் பூமியில் என்னிடம் எதையும் கேட்காத ஒரே ஜீவன் அவன்தான். வீட்டில் புருஷன் கேட்கிறான், பிள்ளைகள் கேட்கிறார்கள், நாத்தனார் கேட்கிறாள், ஆபீஸ் கேட்கிறது. பிஷப் கேட்டதே இல்லை. அந்த முதுகைப் பார்த்தாலே எனக்கு மனசு ஆறும்.

போன மழைக்காலம் எல்லாவற்றையும் கெடுத்தது. அந்தப் பருவம் எங்களுக்கு இரண்டு தலைவலிகளைத் தந்தது. முதலாவது, ரூத் குட்டி போட்டது. தீவில் குட்டி பிறக்கக் கூடாது என்று எல்லாப் பெண் சிம்பன்சிகளுக்கும் கையில் தோலுக்கடியில் கருத்தடை மருந்துக் குச்சி வைத்திருந்தோம். ரூத்துக்கு மட்டும் அது என்ன ஆனதோ, ஒரு நாள் மார்பில் ஒரு கறுப்பு உருண்டையோடு கரைக்கு வந்து நின்றாள். அதற்குச் சர்ப்ரைஸ் என்று பெயர் வைத்தோம். இரண்டாவது, மழை ஓய்ந்து கொஞ்ச நாளில் பிஷப் மரத்தைவிட்டு இறங்கி வந்து படகைப் பிடிக்க ஆரம்பித்தது.

முதல் நாள் அவன் கையை நீட்டியபோது எனக்கு ஒன்றும் புரியவில்லை. ஸியோகர்தான் தொடையைத் தட்டிக்கொண்டு சிரித்தார்.

“பழைய நெனப்பு வந்துருச்சு கழுதைக்கு. கூடத்துல அப்படித்தான். கையை நீட்டுவான், நான் ஊசியைக் குத்துவேன், வாழைப்பழம் குடுப்பேன். கை, ஊசி, பழம். வயசாக வயசாக வாய்க்கு ருசி கேக்குது. அவ்வளவுதான்.”

“அதுக்கு இப்ப என்ன பண்றது?”

“குத்திட்டுக் குடு.”

இப்படிச் சொல்லிப் பல் குத்த வைத்திருந்த தீக்குச்சியால் அவரே குத்தினார். பிஷப் போய்விட்டான். இருவருக்கும் அது பெரிய தந்திரமாகத் தோன்றியது. அன்றைக்கு நானும் சிரித்தேன் என்பதை மறைப்பானேன்?

அடுத்த முறையும் பிடித்தான். அதற்கடுத்த முறையும் பிடித்தான். படகின் முன்கயிற்றை அவிழ்த்து வைத்துவிட்டுப் போனோம், விளிம்பைப் பிடித்தான். மோட்டாரை அணைத்துத் துடுப்புப் போட்டுச் சத்தமில்லாமல் போனோம். எங்களுக்கு முன்பே தண்ணீரில் இறங்கி நின்றிருந்தான். தள்ளி நின்று எறிந்து பார்த்தேன். பப்பாளி கடலுக்குப் போயிற்று, கிழங்கு மூழ்கிற்று, ஆற்று மீன்கள் கொழுத்தன. தீவின் மறுபக்கம் போகலாம் என்றால் கண்டல் மர வேர்கள் நெருக்கிப் பின்னிக் கிடக்கின்றன, படகு நுழையாது. ஆக, அந்த ஒரே மணல்திட்டு, அந்த ஒரே வாசல், அதில் வாட்ச்மேனாக பிஷப்.

ஒரு நாள் தீக்குச்சி கூடாது என்று தடை போட்டேன்.

“குத்தாதீங்க. குத்திக் குத்தித்தான் பழக்கமாயிடுச்சு. பழத்தை நேரா குடுப்போம். சும்மாவே கிடைக்குதுன்னு தெரிஞ்சா விட்டுடுவான்.”

“குடு, குடு. உன் புத்தி எங்கே போகுதுன்னு பார்ப்போம்” என்றார் ஸியோகர், கையைக் கட்டிக்கொண்டு.

நான் வாழைப்பழத்தை நீட்டினேன். பிஷப் வாங்கினான். பார்த்தான். தண்ணீரில் போட்டுவிட்டு மறுபடி கையை நீட்டினான். இன்னொரு பழம் கொடுத்தேன். அதையும் போட்டான். ஒரு சீப்பையே தூக்கிக் கொடுத்தேன். சீப்பு மிதந்து போயிற்று. பிறகு அவன் படகை ஆட்ட ஆரம்பித்தான். கரையை நோக்கித் திரும்பி ஒரு கத்து கத்தினான். ரூத் குட்டியை அள்ளிக்கொண்டு மரத்தில் ஏறிவிட்டாள். மற்றவர்களும் புதருக்குள் ஓடி ஒளிந்தார்கள். ஒருவருக்கும் ஒரு வாய் போகவில்லை. கடைசியில் ஸியோகர் பெருமூச்சு விட்டுப் பையிலிருந்து தீக்குச்சியை எடுத்தார்.

திரும்பி வரும்போது கேட்டேன். “பழத்துக்குத்தான் வர்றான்னா பழத்தை ஏன் தூக்கிப் போடறான்?”

ஸியோகர் கொஞ்சம்கூட யோசிக்கவில்லை. “மானஸ்தன். வேலை செய்யாம சாப்பிட மாட்டான். உன் புருஷன் மாதிரின்னு நெனச்சியா?”

அதற்கு நான் சொன்ன பதிலை இங்கே எழுத முடியாது. ஆனால் அந்தக் கேள்வியை அதோடு விட்டுவிட்டேன். படகு, மோட்டார், எண்ணெய், கிழங்கு, மழை என்று ஆயிரம் கவலை உள்ளவளுக்கு ஒரு கேள்வியைப் பிடித்துத் தொங்க நேரம் எங்கே?

ஊரில் ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். படகுத் துறையில் மிளகாய் சூப் விற்பவள், “உன்மேல அவனுக்கு ஒரு இதுடி யாஸா” என்று கண்ணடித்தாள். பாஸ்டர், பிராணிக்கு பிஷப் என்று பெயர் வைத்த பாவம் சும்மா விடாது என்றார். என் நாத்தனார், வேலையை விட்டுவிட்டுக் கருவாடு வியாபாரத்துக்கு வா என்றாள். எல்லோருக்கும் யோசனை இருந்தது. படகில் வரத்தான் ஆள் இல்லை.

அப்புறம் ஒரு நாள் படகு கவிழ்ந்தது.

அன்று அலை ஏற்றம். ஸியோகர் தீக்குச்சியை எடுக்கக் கொஞ்சம் தாமதித்தார். பிஷப் பொறுமை இழந்து இழுத்தான். நானும் ஸியோகரும் பேசினும் ஒன்றாகத் தண்ணீரில். அவன் நினைத்திருந்தால் அங்கேயே என் முகத்தைக் கிழித்திருக்கலாம். சிம்பன்சியின் பல் என்ன செய்யும் என்று எங்களுக்குத் தெரியும். ஸியோகரின் இடது கையில் இரண்டு விரல் பாதிதான் இருக்கிறது. ஆனால் பிஷப் என்ன செய்தான்? தத்தளித்துக்கொண்டிருந்த ஸியோகரின் மூக்குக்கு நேரே கையை நீட்டிக்கொண்டு நின்றான்.

“மூச்சு விடக்கூட விடமாட்டேங்கிறான். டேய், தீக்குச்சி நனைஞ்சுபோச்சுடா, நாசமாப் போறவனே” என்று ஸியோகர் தண்ணீரைத் துப்பிக்கொண்டே அலறினார். கடைசியில் நகத்தால் கிள்ளிவிட்டுத்தான் படகை நிமிர்த்த முடிந்தது.

செய்தி தலைநகர் மன்ரோவியாவில் இருக்கும் ஆபீஸுக்குப் போயிற்று. மேனேஜர் டோர்போர் போன் செய்தார். நல்ல மனிதர், கெட்ட செய்தி சொல்லும்போது மட்டும் அதிகம் இருமுவார். அன்று நிறைய இருமினார்.

“யாஸாம்மா, இது சரிப்படாது. நாளைக்கு உங்க ரெண்டு பேர்ல ஒருத்தருக்கு ஏதாவது ஆச்சுன்னா உங்க வீட்டுக்கு நான் என்ன பதில் சொல்றது? பிஷப்பைக் கரைக்குக் கொண்டுவந்துடலாம்.”

“கரைக்குன்னா? கூண்டுக்கா சார்?”

இருமல். “பெரிய கூண்டுதான்.”

“சார், அதுல ஒருத்தன் நாலு எட்டு வச்சா செவுரு இடிக்கும். அவன் இனிமே எவ்வளவு நாள் இருப்பான்னு தெரியாது. அதுவரைக்கும் அங்கேயேவா?”

“வேற வழி இருந்தா சொல்லுங்க.”

“அவன் யாரையும் கடிக்கலியே சார். கையைத்தானே நீட்டறான்.”

“கடிச்ச பிறகு பேசறதுக்கு ஒண்ணும் இருக்காதும்மா. டாக்டர் ஹவா புதன்கிழமை வர்றாங்க. மயக்க ஊசி போட்டுக் கொண்டுவந்துடுங்க. அதுக்குள்ள அவன் தானா நிறுத்திட்டா சரி, நான் வேணாம்னு சொல்லல.”

போனை வைத்துவிட்டு வெகுநேரம் வாசலில் நின்றேன். அந்தக் கூண்டு சமையல் கொட்டகைக்குப் பின்னால் இருக்கிறது. நோயாளிகளுக்கென்று கட்டியது. அதற்குள் போன கிழடுகள் எதுவும் திரும்பித் தீவுக்குப் போனதில்லை. பிஷப் அதில் உட்கார்ந்து எனக்கு முதுகைக் காட்டுவதை நினைத்துப் பார்த்தேன். நினைத்துப் பார்க்க முடியவில்லை. அதனால் ஆத்திரம்தான் வந்தது. எனக்கு அழுகை வரவேண்டிய இடத்தில் எல்லாம் ஆத்திரம்தான் வரும். என் அம்மாவும் அப்படித்தான்.

புதன்கிழமைக்கு முன்னால் ஒரு முறைதான் தீவுக்குப் போகவேண்டியிருந்தது. அன்று பிஷப்புக்கு நான் செய்யாத உபசாரம் இல்லை. அவனுக்குப் பிடித்த அன்னாசி கொண்டுபோனேன். பனை எண்ணெயில் புரட்டிய சோற்று உருண்டை கொண்டுபோனேன். “தம்பி, ராசா, இன்னைக்கு ஒரு நாள் மரத்துல உட்காருடா. ஒரே ஒரு நாள். எனக்கு மேனேஜர்கிட்ட சொல்ல ஒரு வார்த்தை வேணும்டா” என்று படகிலிருந்தே கெஞ்சினேன்.

பிஷப் தண்ணீரில் இறங்கி வந்து கையை நீட்டினான்.

“அன்னாசியைக் காட்டினா மனசு மாறும்னு பார்த்தியா? அவன் என்ன எம்.பி.யா?” என்றார் ஸியோகர்.

புதன்கிழமை டாக்டர் ஹவா வந்தார். எலும்பும் தோலுமான இளம்பெண். ஆனால் இரண்டு ஆள் தூக்கும் பெட்டியை ஒற்றைக் கையால் தூக்கிக்கொண்டு வந்தார். என்னுடன் கை குலுக்கி, எங்கள் ஊர் வழக்கப்படி கையை விடும்போது என் விரலோடு விரல் சேர்த்துச் சொடுக்கினார். ஸியோகர் கையை மட்டும் கொடுத்தார், சொடுக்குப் போடவில்லை. அது கன்னத்தில் அறைவதைவிடக் கொஞ்சம்தான் குறைவு.

“பெரியவருக்கு என்மேல என்ன கோபம்?” என்று டாக்டர் என்னிடம் கேட்டார்.

“உங்கமேல இல்ல டாக்டர். அவர் இல்லாம அவனை யாரும் பிடிக்கக் கூடாதுன்னு கோபம். அவரை வச்சுப் பிடிச்சாலும் கோபம்.”

“நான் பிடிக்கணும்னு ஆசைப்பட்டா வந்தேன்? இந்த மாசம் ரெண்டு தடவை மேனேஜர்கிட்ட சொல்லிப் பார்த்தேன், இன்னும் கொஞ்சம் பொறுங்கன்னு. படகு கவிழ்ந்த பிறகு நான் என்ன பேச?”

படகு கிளம்பியது. கூண்டைக் கழுவி வைத்திருந்தேன். தரையில் புது வைக்கோல் போட்டிருந்தேன். பின்னால் ஸியோகர் மோட்டாரை வேண்டுமென்றே மெதுவாக ஓட்டினார்.

“துப்பாக்கியால ஊசி சுட முடியாது. தண்ணியில நிக்கிறவனைச் சுட்டா மயங்கி மூழ்கிடுவான். கரையில இருக்கும்போது சுட்டா பயந்து மரத்துல ஏறி, மேலேருந்து விழுவான். ஆனா கையை நீட்டறான்னு சொன்னீங்களே?” என்று டாக்டர் கேட்டார்.

“அதுக்குத்தான் அவன் வர்றதே” என்றேன்.

“அப்ப கையிலயே போட்டுடறேன். முதல்ல லேசான மருந்து. தள்ளாடுவான், ஆனா நிப்பான். நாம ரெண்டு பக்கமும் தாங்கிப் படகுல ஏத்திடலாம். இவ்வளவு சுலபமா எந்தச் சிம்பன்சியும் எனக்குக் கை குடுத்ததில்ல.”

“கூடத்துல எனக்குக் குடுத்தான்” என்று பின்னாலிருந்து ஸியோகர் சொன்னார். “பிடிச்சு இழுத்துட்டு வரவேண்டிய தேவையே இல்ல. நான் போனாலே முன்னாடி வந்து நிப்பான். அந்த வரிசையிலயே நல்ல பையன் அவன்தான்.”

“நல்ல பையனுக்குத்தான் இப்ப கூண்டு கழுவி வச்சிருக்கேன். கொஞ்சம் வாயை மூடிட்டு ஓட்டுங்க பெரியவரே” என்றேன்.

மூன்றாம் தீவு தெரிந்தது. பிஷப் மணல்திட்டில் நின்றுகொண்டிருந்தான். எங்களைக் கண்டதும் தண்ணீரில் இறங்கினான். ஒவ்வொரு அடியும் நிதானமாக வைத்தான். தண்ணீர் என்றால் உயிர்ப் பயம் உள்ள பிராணி. முழங்காலுக்கு வந்ததும் ஒரு கணம் நின்று, உதட்டைப் பிதுக்கி, மறுபடி நடந்தான். இத்தனை மாதமும் அவன் படகைப் பிடிக்கும் கையைத்தான் பார்த்தேனே தவிர, தண்ணீரில் இறங்கும் காலை ஒரு நாளும் சரியாகப் பார்த்ததில்லை.

‘டொம்.’ பிடித்துவிட்டான். கையை நீட்டினான்.

“அப்பா, என்ன ஒரு நரம்பு” என்று முணுமுணுத்த டாக்டர், குனிந்து பெட்டியைத் திறந்து மருந்தை ஊசியில் ஏற்றினார். நான் அன்னாசித் துண்டை எடுத்து வைத்துக்கொண்டேன்.

அப்போதுதான் கரையில் ரூத் வந்தாள். அன்னாசி வாசனை இழுத்திருக்க வேண்டும். அவள் மடியிலிருந்து சர்ப்ரைஸ் இறங்கியது. அது இவ்வளவு கிட்டே வந்து நான் பார்த்ததில்லை. காது இரண்டும் பெரிது, வயிறு ஊதல், நடை இன்னும் பழகவில்லை. மணலில் நாலு தரம் விழுந்து எழுந்து தண்ணீர் ஓரத்துக்கு வந்துவிட்டது. பெரியவன் செய்வதைப் பார்த்து அதுவும் தன் கையைப் படகை நோக்கி நீட்டியது. அன்னாசிக்காகத்தான். என் இரண்டு விரல் தடிமன்கூட இல்லை அந்தக் கை.

பிஷப் திரும்பிப் பார்த்தான்.

படகை விட்டான். இத்தனை மாதமாகக் குத்தாமல் கிள்ளாமல் ஒருமுறைகூட விடாதவன், அன்று விட்டான். தண்ணீரை அடித்துக்கொண்டு கரைக்குப் போனான். குட்டியின் நீட்டிய கையைப் பிடித்து மடக்கி, அதன் வயிற்றோடு சேர்த்து அழுத்தினான். அடிக்கவில்லை. மூடினான், பெட்டியை மூடுவதுபோல. பிறகு அதைப் புறங்கையால் ரூத்தின் பக்கம் தள்ளிவிட்டு, ஓட்டமும் நடையுமாகத் தண்ணீரில் இறங்கி வந்து, எங்கே நாங்கள் போய்விடுவோமோ என்று பயந்தவன்போல் விளிம்பைப் பற்றிக்கொண்டு, முன்பைவிட நீளமாக, டாக்டரின் முகத்துக்கு நேரே கையை நீட்டினான்.

“இதென்ன கூத்து? அந்தக் குட்டி ஒரு துண்டு பழம் கேட்டா இவனுக்குப் பொறுக்கலியா?” என்றேன். “போடுங்க டாக்டர். எனக்கு இதுக்கு மேல பார்க்க முடியாது. சீக்கிரம் போட்டு முடிச்சிடுங்க.”

டாக்டர் பிஷப்பின் முழங்கை மடிப்பில் விரலை வைத்து நரம்பைத் தேடினார். அவன் கண்ணை மூடிக்கொண்டான். ஊசி தோலைத் தொடப் போனது.

படகு பயங்கரமாக ஆடியது. ஸியோகர் மோட்டாரை விட்டுவிட்டு என் தோளை மிதிக்காத குறையாக முன்னால் பாய்ந்து வந்து டாக்டரின் மணிக்கட்டைப் பிடித்திருந்தார்.

“வேணாம்மா. எடுத்து உள்ள வைங்க.”

“பெரியவரே, கையை விடுங்க. ஊசி யார்மேலயாவது குத்தும்” என்றார் டாக்டர்.

“வைங்கன்னு சொல்றேன்ல.”

டாக்டர் என்னைப் பார்த்தார். எனக்கு வந்த கோபத்தில் நான் ஸியோகரைத் தண்ணீரில் தள்ளியிருப்பேன்.

“இப்ப என்ன உங்களுக்கு? மாசக்கணக்கா குத்து, குத்துன்னு குத்தினது யாரு? பழத்துக்கு அலையறான், ருசி கேக்குது, மானஸ்தன்னு கதை கதையா சொன்னது யாரு? நான் அன்னைக்கே ஏன்னு கேட்டேன்ல? அப்ப தெரியாதது இப்ப என்ன தெரிஞ்சுபோச்சு?”

ஸியோகர் கரையைப் பார்த்தார். ரூத்தின் மடியில் ஏறி உட்கார்ந்திருந்த சர்ப்ரைஸைப் பார்த்தார். பிறகு தன் பாதி விரல் கையால் பிஷப்பின் முழங்கை மடிப்பை, தீக்குச்சி இல்லாமல், நகம் இல்லாமல், வெறுமனே தொட்டார். பிஷப் கண்ணைத் திறந்து அந்த இடத்தைப் பார்த்தான். படகை விட்டான். கரைக்குத் திரும்பி நடந்தான். நான் பிடித்திருந்த அன்னாசியை அவன் எடுத்துக்கொள்ளக்கூட இல்லை.

“சொல்லுங்க பெரியவரே. மேனேஜர்கிட்ட நான் என்ன சொல்றது?” என்றேன்.

ஸியோகர் நனைந்த பலகையில் உட்கார்ந்தார். எங்கள் இருவர் முகத்தையும் அவர் பார்க்கவில்லை.

“கூடத்துல ரத்தம் எடுக்க ஒரு நாளைக்கு ஒரு கூண்டுக்கு ஒரு கைதான் வேணும் யாஸா. ஒருத்தன் தானா வந்து நீட்டிட்டா, அன்னைக்கு அந்தக் கூண்டுல இருக்கிற குட்டியை நாங்க தொடமாட்டோம்.”